தடிக்கம்பியின் கரகரப்பு

இடது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பி என்று சொல்வதுகூட அதிகம். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாலொழிய கண்ணில் படாது. வலது கை, உடைந்துபோன தையல் மிஷினிலிருந்து கழற்றிய ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தின் அச்சில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதன் மேல் கம்பி அடுக்கடுக்காக ஏறுகிறது. இடது கை விரல்கள் கம்பியை இழுப்பதுமில்லை, விடுவதுமில்லை. இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். தளர விட்டால் காயில் பொதபொதவென்று ஊதிக்கொண்டு, கிடாரில் பூட்டியதும் கீச்சென்று கத்தும்.

எதிர்க் கடையிலிருந்து டீ வருகிறது. கொண்டு வந்த டீ மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

"வெச்சிட்டுப் போப்பா. பேசாத. நீ பேசினா கை அதக் கேட்டுக்கினு நின்னுடும்."

டீ ஆறி ஆடை கட்டுகிறது. கை நிற்கவில்லை.

கைகளுக்குச் சொந்தக்காரர் முருகையன். கடலைக்கடை மூலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கடை. பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது 'மோட்டார் காயில் கட்டுமிடம்'. அதற்குக் கீழே, பிற்பாடு வேறொரு ஆள் எழுதிய நெளிந்த எழுத்தில், 'கிடார், பெடல், ஆம்ப் சர்வீஸ்'. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. "ரெண்டும் காயில்தான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் தண்ணீர் இறங்கி, கிணற்று மோட்டார்கள் வரிசையாகப் புகைந்து வந்த ஒரு கோடையில், பாட்டுக் கச்சேரி ட்ரூப் ஒன்றின் கிடார்காரர் சத்தம் செத்துப்போன ஒரு பிக்கப்பை இவரிடம் கொண்டுவந்தார். கிடாரில் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து, அவை அதிர்வதை மின்சாரமாக்கி அனுப்புகிற சின்னக் கட்டை அது. முருகையன் பிரித்துப் பார்த்தார். நடுவில் காந்தம், காந்தத்தைச் சுற்றிக் காயில். கிணற்று மோட்டாரின் பேரப்பிள்ளை. பழைய ஸ்டெபிலைசரின் ரிலேயிலிருந்து உருவிய மயிரிழைக் கம்பியால் மறுபடி சுற்றிக் கொடுத்தார். அது பேசியது. அன்றிலிருந்து போளூர், செங்கம், சேத்துப்பட்டு ட்ரூப்காரர்களும், சர்ச்சில் வாசிக்கிறவர்களும், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களும் அவரிடம்தான் வருகிறார்கள். யார் வந்தாலும் முதலில் மூன்றையும் கேட்பார். கிடார், காலால் மிதித்துச் சத்தத்தின் குணத்தை மாற்றுகிற பெடல், சத்தத்தைப் பெருக்கி வெளியே விடுகிற ஆம்ப். ஒன்றை மட்டும் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"பிக்கப்பு காரமா இருந்தா பெடல் கம்மியா பேசணும். ரெண்டும் கத்தினா ஆம்ப் இன்னா பண்ணும், பாவம்? புளியும் ஜாஸ்தி, தக்காளியும் ஜாஸ்தின்னா அது ரசமாய்யா?"

முருகையனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. தடித்த கம்பியை ஒரு தட்டு, பிறகு எல்லாக் கம்பியும் சேர்த்து ஒரு இழுப்பு. அவருடைய சங்கீதம் அத்துடன் முடிந்தது. வேலை முடிந்ததும் கிடார்காரரைக் கடைக்குள் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, இவர் தெருவைக் கடந்து டீக்கடை ஓரமாகப் போய் நிற்பார். நடுவில் ஆட்டோக்கள் போகும், மினி பஸ் ஹாரன் அடிக்கும், கோயில் பக்கத்திலிருந்து மைக்கில் யாரையாவது செருப்பு விட்ட இடத்துக்கு வரச் சொல்வார்கள். அத்தனைக்கும் அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். "கடைக்குள்ள கேக்கற சத்தம் பொய். மேடைக்கு எதுருல நிக்கிறான் பாரு, அவன் கேக்கறதுதான் நெசம்." திருப்தியானால் திரும்பி வந்து ஆம்பின் முதுகில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். 'செக் செய்யப்பட்டது – முருகையன்.'

அவரிடம் ஒரு குணம். கேட்ட வேலையை மட்டும் செய்யத் தெரியாது. பழுது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. பல்வலிக்குப் போன இடத்தில் டாக்டரின் தலைக்கு மேலே கடகடத்த ஃபேனைக் கழற்றி மாட்டிவிட்டு, பல்லைக் காட்ட மறந்து திரும்பியவர். சவரக் கடையில் எப்போதும் பின்தங்கி ஓடும் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அந்தத் தாமதத்தை மனதில் சேர்த்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். இவர் ஒரு நாள் தாடைக்குச் சோப்பு தடவிய நிலையிலேயே எழுந்து அதைச் சரி செய்தார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் நின்றார்கள். வீட்டில் மிக்ஸியின் இரைச்சலையும் அடக்கினார். அவர் மனைவி பொன்னி அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுதா இல்லையான்னு மூடியத் தெறந்து பாக்க வெச்சிட்டீங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிற பொன்னி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கடையின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் டிரம் வைத்த ஒரு குறுகலான நடை. வாடிக்கைக்காரர்கள் போன பிறகு அங்கிருந்தபடியே தீர்ப்புச் சொல்வாள். "அந்தாளு ஒரு கம்பிக்குதான வந்தான்? நீங்க ஏன் கிடாரையே கொடலு உருவி வெச்சிருக்கீங்க?"

இந்தக் குணத்துக்கு இதுவரை எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், சிலர் நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்க முடியாமல் போனது ஆதிலட்சுமி வந்தபோதுதான்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. வேங்கிக்காலிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய ஆதிலட்சுமி, பாலிதீன் சுற்றிய ஆம்பையும், உறைக்குள் இருந்த கிடாரையும், கட்டைப்பையில் ஒரு பெடலையும் கடைப் பெஞ்சில் வைத்தாள். மூன்றையும் கேட்பார் என்று தெரிந்து மூன்றையும் கொண்டுவந்திருந்தாள். முருகையன் பாலிதீனைப் பிரிக்கும் முன்பே கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய அந்த மரப்பெட்டியை அடையாளம் கண்டுகொண்டார். குமரேசனுடையது.

குமரேசன் ட்ரூப் கிடார்காரன். ஆதிலட்சுமியின் கணவன். மஞ்சள் காமாலையில் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தான். அவனுடைய கிடாரில் இருக்கும் பிக்கப்பே முருகையன் சுற்றியதுதான். வாய் ஓயாத ஆள். கடைக்கு வந்தால், "ணா, உன் சாமான மாட்டிக்கினு ஊரு ஊரா சுத்தறேன். உன் பேரச் சொல்லி ஒருத்தனும் கை தட்ட மாட்றான்" என்று வம்புக்கு இழுப்பான். அவனுடைய ஆம்பில் ஸ்பீக்கரின் காகிதக் கோன், கிண்ணம் போல் குழிந்திருக்குமே அது, ஓரமாகக் கிழிந்திருந்தது. வாசிக்கும்போது தடித்த கம்பியைத் தொட்டால் கரகரவென்று ஒரு இழுப்பு வரும். முருகையனுக்கு அது செருப்பில் ஏறிய முள்.

"கோன் கிழிஞ்சி கீது. உட்டுட்டுப் போ, மாத்திக் குடுத்துடறேன்."

"அதுல கை வெக்காதணா."

"ஏண்டா?"

"இருக்கட்டும்ணா." சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. கடையில் விட்டால் அன்றைய கச்சேரி விட்டுப்போகும், அதனால்தான் பயல் நழுவுகிறான் என்று முருகையன் எடுத்துக்கொண்டார். சாவு வீட்டில் எல்லாரும் குமரேசனின் முகத்தைப் பார்த்து அழுதபோது, இவர் கண் மூலையில் கிடந்த ஆம்ப் மேலேயே இருந்தது. கிழிந்ததை வைத்துக்கொண்டே போய்விட்டானே என்பதுதான் அவருக்குத் துக்கம். வெளியே வந்த பிறகு அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம வருஷம் திரும்புதுங்கணா" என்றாள் ஆதிலட்சுமி. "ட்ரூப்காரங்க வீட்டு வாசல்லயே வாசிக்கறோம்னு சொல்லிகிறாங்க. வல்லரசு தம்பி இவரு கிடார்லயே வாசிக்கறேன்னுச்சி. அவரு போனதுலேர்ந்து மூடியே வெச்சிருக்கேன். சத்தம் வருதான்னு மட்டும் பாத்துக் குடுங்க. அவரு வாசிச்ச மாதிரி ஒரு தடவ கேட்டுட்டா போதும்."

"வரும்மா. நீ போ. நான் பாத்துக்கறேன்."

சத்தம் வரவில்லைதான். ஆனால் பழுது சின்னது. ஒயர் சொருகும் இடத்தில் துரு, பெடலுக்குப் போகிற ஒயரில் ஒரு ஈயப்பற்று விட்டிருந்தது. மதியத்துக்குள் முடிகிற வேலை. முடித்ததும் சத்தம் வந்தது, கூடவே கரகரப்பும் வந்தது. முருகையன் ஸ்பீக்கரைப் பார்த்தார். இந்தத் தடவை தடுக்க யாரும் இல்லை.

பிளேடால் பழைய கோனைச் சுற்றிலும் அறுத்துப் பிய்த்தார். புதிய கோன் வைத்துப் பசை தடவிக் காயப் போட்டார். பெடலுக்குள் உப்பிக் கிடந்த பேட்டரியை எறிந்துவிட்டுப் புதிது போட்டார். பிக்கப்பைத் திருகி உயர்த்திக் கம்பிக்கு நெருக்கமாக வைத்தார். கிடாரை எண்ணெய் விட்டுத் துடைத்தார்.

சாப்பாடு கொண்டுவந்த பொன்னி எல்லாவற்றையும் பார்த்தாள். "அந்தப் பொண்ணு சத்தம் வருதான்னு பாக்கத்தான சொல்லிச்சி?"

"கிழிஞ்சத கிழிஞ்சதாவே குடுக்கச் சொல்றியா? செத்தவனுக்குச் செய்யறது. சரி பண்ணி வாங்கிக்கினே போயிருக்கலாம், இருக்கும்போது உட மாட்டேன்னுட்டான்."

மறுநாள் வந்த பழைய இரும்புக்காரர் மூலையில் கிடந்த குப்பையையெல்லாம் சாக்கில் வாரிக்கொண்டு போனார். கிழிந்த கோனும் அதில் போனது.

செவ்வாய்க்கிழமை ஆதிலட்சுமியும் வல்லரசுவும் வந்தார்கள். வல்லரசு அதே ட்ரூப்பில் குமரேசனுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவன். முருகையன் ஸ்டிக்கரை முன்கூட்டியே ஒட்டிவிட்டிருந்தார். வழக்கம்போல் தெருவைக் கடந்து போய் டீக்கடை ஓரம் நின்றார். வல்லரசு வாசித்தான். நனைந்த தெருவுக்கு மேலே, ஹாரன்களுக்கு மேலே, சத்தம் வெண்கலத்தைத் தட்டியது போல் வந்தது. டீ மாஸ்டரே பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முருகையன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ணா, சூப்பர்ணா! புதுசு வாங்கினாக்கூட இப்படி வராது" என்றான் வல்லரசு.

ஆதிலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். "நல்லாருக்குங்கணா" என்றாள். பிறகு, "இது அவரு இல்ல" என்றாள்.

"அக்கா, இதவிட சுத்தமா வராதுக்கா."

"அதான் தம்பி. சுத்தமா இருக்குது."

அவள் போனை எடுத்துத் துழாவினாள். "எங்க அக்காவுக்கு அனுப்பின வாய்ஸு இது. பின்னாடி அவரு வாசிக்கறாரு. இது ஒண்ணுதான் இருக்குது. கேளுங்க."

போனில் அவளுடைய குரலே உரக்க வந்தது. தீபத்துக்கு வருவியா மாட்டியா, வர்றதுன்னா முன்னாடியே சொல்லு, கூட்டத்துல பஸ்ஸு கெடைக்காது. அதற்குப் பின்னால், இன்னொரு அறையிலிருந்து, ஒரு கிடார். தடித்த கம்பி ஒவ்வொரு முறையும் அதிரும்போது அதன் வாலில் ஒரு கரகரப்பு. பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற ஆள் போல.

"சமையக்கட்டுல இருந்தா இதுதான் கேக்கும். இந்தச் சத்தம் வந்தா வீட்ல இருக்காருன்னு அர்த்தம்" என்றாள் ஆதிலட்சுமி.

முருகையனுக்கு அது எந்தச் சத்தம் என்பதில் சந்தேகமே இல்லை. போன் சரியில்லை, பதிவில் அப்படித்தான் கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். வல்லரசு நம்பியிருப்பான். அவளும் நம்பியிருப்பாள்.

"அது கோன் கிழிஞ்ச சத்தம்மா. மாத்திட்டேன்."

"பழசு இருக்குதுங்களா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

ஆதிலட்சுமி கத்தவில்லை. "அதுல கை வெக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னாருங்களா?"

"சொன்னான்."

"எங்கிட்டயும் சொல்லுவாரு. பெருக்கும்போது தொடப்பம்கூட படக் கூடாதும்பாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீரா என்று தெரியவில்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் படியிறங்கிப் போனாள். வல்லரசு கிடாரைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

அன்று முருகையன் சாப்பிடவில்லை. பொன்னி தூக்கைத் திறக்காமலேயே எடுத்துப் போனாள். எப்போதும் சொல்கிற தீர்ப்பையும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக உறைத்தது.

புதன்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பார்த்தார். காகிதம் மழையில் ஊறி எந்தக் கூழில் கரைந்ததோ. திரும்பி வந்து, அடுக்கின் மேலே கிடந்த செத்த ஸ்பீக்கர்களை இறக்கினார். ஆதிலட்சுமியின் போனிலிருந்த குரல் பதிவை வல்லரசு வழியாக வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பிழைப்பாக ஏற்ற காலத்திலிருந்து பழுதை எடுத்துத்தான் பழக்கம். பழுதை வைப்பதற்கு எந்த இடத்தில் தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை.

ஒரு கோனைப் பிளேடால் கீறிப் பார்த்தார். விசில் மாதிரி சீறியது. இன்னொன்றை ஓரத்தில் வெட்டினார். பட்டத்து வால் போலப் படபடத்தது. பிளேடு வெட்டிய விளிம்புகள் நேராக விலகி நின்றுவிடுகின்றன. குமரேசனுடைய கிழிசலின் விளிம்புகள் பஞ்சு போல் பிசிறி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. உரசலில்தான் அந்தக் கரகரப்பு. அது வெட்டினால் வராது, கிழிய வேண்டும்.

போனில் பதிவு திரும்பத் திரும்ப ஓடியது. தீபத்துக்கு வருவியா மாட்டியா. தீபத்துக்கு வருவியா மாட்டியா. பின்பக்கம் டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொன்னி கடைசியில் பொறுக்காமல், "யாராச்சும் அந்தப் பொண்ணுக்கு பதில் சொல்லித் தொலைங்களேன்" என்றாள். சொல்லிவிட்டு, டிரம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முருகையன் வல்லரசுவை போனில் கூப்பிட்டார். "அது எப்படிடா கிழிஞ்சிச்சி?"

"அவலூர்பேட்ட ப்ரோக்ராம் முடிஞ்சி வண்டியில ஏத்தும்போதுணா. மைக் ஸ்டாண்டு கால் குத்திக்கிச்சி. அன்னிக்கு அண்ணன் என்னைப் புடிச்சித் திட்டினாரு பாரு, ஸ்டாண்ட நாந்தான் தூக்கிப் போட்டேன். அடுத்த நாளு வாசிச்சிப் பாத்துட்டு, 'டேய், நல்ல காரியம் பண்ணினடா'ன்னாரு."

மைக் ஸ்டாண்டை வல்லரசுவே கொண்டுவந்து கொடுத்தான். அதற்குள் முருகையன் மற்றதையெல்லாம் பின்னோக்கி நடத்திக்கொண்டிருந்தார். பெடலில் போட்ட புதுப் பேட்டரியை எடுத்துவிட்டு, தன் மீட்டரிலிருந்து சாகக் கிடந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டார். தெம்பில்லாத பேட்டரியில் பெடலின் காரம் அடங்கி, சத்தம் கொஞ்சம் உள்வாங்கிப் பேசும். குமரேசன் அதை அறிந்தே மாற்றாமல் வைத்திருந்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. பிக்கப்பின் பக்கவாட்டில், பழைய உயரத்தில் படிந்திருந்த அழுக்குக் கோடு நல்ல வேளையாக முழுதும் துடைபட்டுப் போகவில்லை. அந்தக் கோடு கிடாரின் பலகையோடு சமமாகும்வரை திருகித் தாழ்த்தினார்.

கடைசியில் கோன் மட்டும் மிச்சம். அவர் ஒட்டிய கோன். மடிப்பில்லாமல், பசை வெளியே கசியாமல், அவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்திருந்தது. விரலை நனைத்துக் காகிதத்தில் ஓரிடத்தை ஈரப்படுத்தினார். மைக் ஸ்டாண்டின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்துணி கழற்றிய ஸ்பீக்கரின் முன்னால் குந்தினார். கால் முனை காகிதத்தைத் தொட்டது. திரும்ப எடுத்தார். மறுபடி தொட்டது. மறுபடி எடுத்தார்.

பொன்னி நடைவாசலில் வந்து நின்றிருந்தாள்.

"தப்பாக் கிழிஞ்சா வேற கோன் கெடையாது. மெட்ராஸ்லேர்ந்து வர நாளாவும்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"எல்லாத்துக்கும் கேக்காம செய்வீங்க" என்றாள் பொன்னி. "இது ஒண்ணு அந்தப் பொண்ணு கேட்டது. குத்துங்க."

குத்தினார். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பளம் நொறுங்குகிற அளவுக்குத்தான்.

வியாழக்கிழமை ஆதிலட்சுமி வந்தபோது முருகையன் தெருவைக் கடக்கவில்லை. "நீ எங்கேர்ந்து கேப்பன்னு சொன்ன?" என்று அவளைக் கேட்டார். கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு செங்கல் சுவர், அதற்கு அந்தப் பக்கம் டிரம் இருக்கும் நடை. "சமையக்கட்டுன்னு நெனச்சிக்கோ. அங்க போய் நில்லு. பொன்னி இருக்குது."

அவள் போனாள். வல்லரசு கிடாரை மடியில் வைத்துக்கொண்டு முருகையனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். குரல் பதிவில் பின்னால் கேட்கிற அதே வரிசையை வல்லரசு எடுத்தான். தடித்த கம்பி அதிர்ந்தது. வாலில் கரகரப்பு. கேட்ட மாத்திரத்தில் முருகையனின் வலது கை தன்னால் திருப்புளியைத் தேடிப் போனது. அந்தக் கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வல்லரசு வரிசையை முடித்தான். முருகையன் காத்திருந்தார். சுவரைத்தான் பார்க்க முடிந்தது. அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தப்பான இடத்தில் கிழித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவள் வாசலில் நாற்காலி போட்டு, புருஷன் படத்துக்கு மாலை போட்டு, யாரோ ஒருவனுடைய கிடாரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நடைவாசலில் பொன்னியின் தலை மட்டும் தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நிறுத்த வேணாமாம்."

வல்லரசு மறுபடி ஆரம்பத்திலிருந்து எடுத்தான். பிறகு மறுபடியும். தூறல் வலுத்தது. டீ மாஸ்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து என்ன என்று கையால் கேட்டார். முருகையன் கடைக் கதவில் ஒன்றைச் சாத்தினார்.

வெகுநேரம் கழித்து ஆதிலட்சுமி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். டிரம்மிலிருந்து பொன்னி மொண்டு கொடுத்திருக்க வேண்டும், காதோர முடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பக்கத்துல வந்துட்டுதுங்கணா" என்றாள். ஆம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவ்ளோதான் வரும், இல்ல?"

"அவ்ளோதாம்மா வரும்."

"ம்."

வல்லரசு கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். முருகையன் ஆம்பின் முதுகைத் திருப்பி, செவ்வாய்க்கிழமை ஒட்டிய வட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். முழுதாக வரவில்லை. பெயரில் பாதி ரெக்ஸினிலேயே தங்கிவிட்டது. ஈரத் துணியை வைத்துத் தேய்த்தார். அதுவும் போனது.

ஆட்டோ சந்துக்குள் வந்து நின்றது. பொன்னி பழைய பாலிதீனைக் கொண்டுவந்து ஆம்பின் மேல் போர்த்தினாள். வல்லரசு ஒரு கை கொடுக்க வந்தபோது, "நீ எட்டப் போடா. உன் கை ஒரு தடவ பட்டது போதும்" என்றார் முருகையன். வல்லரசு சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவரே தூக்கிக் கொண்டுபோய் சீட்டில், ஆதிலட்சுமிக்குப் பக்கத்தில், முன்பக்கம் அவளைப் பார்க்கும்படி வைத்தார்.

"வேற யார்னா பாத்துட்டு கிழிஞ்சி கீது, மாத்தித் தர்றேம்பாங்க. குடுத்துடாத."

"இல்லீங்கணா."

ஆட்டோக்காரர் ஸ்டார்ட் செய்தார். வண்டி உதறியது. முருகையன் மழையில் குனிந்து நின்றபடி, ஆம்பின் முன்துணி மேல், கிழிசல் இருக்கிற இடத்தில் உள்ளங்கையைப் பதித்திருந்தார். துணிக்கு மேலே கை வைப்பதால் உள்ளே காகிதம் குலுங்குவது நிற்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரோடு மோசம்மா. போற வரைக்கும் இங்க இப்படி வெச்சிக்க."

அவள் தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து அங்கே வைத்த பிறகுதான் அவர் தன் கையை எடுத்தார்.